புது லேப்டாப்பில் எதைத் தூக்கலாம், எதைத் தொடக் கூடாது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நங்கநல்லூரில் எங்கள் அடுக்ககத்தில் யார் வீட்டுக்குப் புது லேப்டாப் வந்தாலும், அது ஒரு தடவை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டுத்தான் போகும். காலேஜ் அட்மிஷன் முடிகிற ஜூன், ஜூலையில் வாரத்துக்கு இரண்டு மூன்று வந்துவிடும். கேட்கிற சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, நான் சொல்கிற பதிலையும் கீழே போட்டிருக்கிறேன். எல்லாம் விண்டோஸ் 11 லேப்டாப்புக்கானவை. மெனுப் பெயர்களைத் திரையில் என்ன சொல் இருக்கிறதோ அதையே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், தேடுவதற்கு வசதியாக இருக்கும்.

பெட்டியைப் பிரிச்சாச்சு அண்ணா, ஆன் பண்ணலாமா? முதல்ல என்ன செய்யணும்?

ஆன் பண்ணலாம், ஆனால் ஒரு அரை மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு ஆன் பண்ணுங்கள். நாடு, கீபோர்டு, வைஃபை எல்லாம் கேட்ட பிறகு பிரைவசி சம்பந்தமான கேள்விகள் வரும்: இருப்பிடம், தொலைந்தால் கண்டுபிடிப்பது, டயக்னாஸ்டிக் டேட்டா, எழுத்து-தட்டச்சு, டெய்லர்டு எக்ஸ்பீரியன்சஸ், அட்வர்டைசிங் ஐடி. நீங்கள் எதையும் தொடாமல் போனால் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் சம்மதம் என்றே பதிவாகிவிடும். அவசரத்தில் எல்லோரும் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், அக்செப்ட் என்று அழுத்திவிட்டு வந்துவிடுகிறோம், பிறகு இரண்டு மாதம் கழித்துத் தேடித் தேடி அணைக்கிறோம்.

அந்தத் திரையில் கீழே வரை உருட்டிப் பார்த்து ஒவ்வொன்றாக நோ போடுங்கள். ஃபைண்ட் மை டிவைஸ் மட்டும் யோசித்துச் செய்யலாம். தினமும் எலக்ட்ரிக் ட்ரெயினில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகிற பிள்ளைகளுக்கு அது இருப்பது நல்லது. ஆனால் இருப்பிடம் ஆனில் இருந்தால்தான் அது வேலை செய்யும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கடையிலேயே எல்லாம் போட்டுக் குடுத்துட்டாங்க. அது நமக்கு வேலை மிச்சம்தானே?

எனக்கு இருக்கிற பெரிய கவலையே இதுதான். ரிச்சி தெருவானாலும் சரி, வீட்டுப் பக்கத்துக் கடையானாலும் சரி, நல்லவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் ‘எல்லாம் போட்டுத் தருகிறோம்’ என்பதற்குள் இரண்டு விஷயம் ஒளிந்திருக்கலாம். ஒன்று, காசு கட்டாத ஆபீஸ் மென்பொருளும் அதைத் திறக்க ஒரு ஆக்டிவேட்டரும். அந்த ஆக்டிவேட்டரை விண்டோஸின் பாதுகாப்பு பிடித்துவிடும் என்பதால், அதைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு விலக்கும் போட்டு வைப்பார்கள். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன், அதில் மேனேஜ் செட்டிங்ஸ், கீழே எக்ஸ்க்லூஷன்ஸ் என்று போய்ப் பாருங்கள். புது லேப்டாப்பில் அந்தப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். ஏதாவது ஃபோல்டர் பெயர் இருந்தால், அந்த ஃபோல்டருக்குள் எது வந்து உட்கார்ந்தாலும் காவல்காரன் எட்டிப் பார்க்க மாட்டான் என்று அர்த்தம்.

இரண்டாவது, யார் பெயரில் அக்கவுண்ட் என்பது. செட்டிங்ஸைத் திறந்தால் இடது மேல் மூலையில் ஒரு பெயரும் மெயில் முகவரியும் தெரியும். அது உங்களுடையதா? எங்கள் மாடியில் டியூஷன் எடுக்கும் ஒரு அக்காவின் லேப்டாப்பில் யாரென்றே தெரியாத ஒரு முகவரி இருந்தது, கடைப் பையன் வேலை சீக்கிரம் முடிய அவசரத்துக்கு உருவாக்கியது. அதனால் என்ன ஆனது என்பதைக் கீழே நீலத் திரை கேள்வியில் சொல்கிறேன். அடுத்த முறை வாங்கும்போது, சீல் பிரிக்காமல் கொடுங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

512 ஜிபின்னு காசு குடுத்தேன், 476 தான் காட்டுது. வேண்டாத சாஃப்ட்வேர் தின்னுடுச்சா?

இல்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபி என்பதை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார், விண்டோஸ் அதையே 1024 ஆல் மூன்று முறை வகுத்துக் காட்டுகிறது. 512 அப்படி வகுபட்டால் 476 தான் வரும். அந்த 476க்குள் விண்டோஸும் கூட வந்த ஆப்களும் எடுத்துக்கொள்கிற இடம் வேறு கணக்கு.

கூட வர்ற சாஃப்ட்வேர் வெறும் தொந்தரவுதானே, ஆபத்துன்னு எல்லாம் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் தொந்தரவுதான். ஆனால் ஒரு முறை உண்மையிலேயே ஆபத்தாகப் போயிருக்கிறது. 2014 கடைசியில் விற்ற சில லெனோவா நோட்புக்குகளில் சூப்பர்ஃபிஷ் என்று ஒரு விளம்பர மென்பொருள் உள்ளேயே வந்தது. நீங்கள் பார்க்கும் தளங்களுக்கு நடுவில் தன் விளம்பரத்தைச் செருக அது கணினியில் ஒரு ரூட் சான்றிதழையே (எந்தத் தளம் உண்மையானது என்று பிரவுசர் நம்புவதற்கான அடிப்படை அத்தாட்சி) நட்டு வைத்திருந்தது. அந்தச் சான்றிதழுக்கு எல்லா லேப்டாப்பிலும் ஒரே சாவி. அந்தச் சாவியை ஒருவர் உடைத்துவிட்டால், அதே வைஃபையில் உட்கார்ந்து உங்கள் வங்கித் தளம் மாதிரியே போலியை நீட்டலாம், பிரவுசர் பூட்டுக் குறியைக் காட்டிக்கொண்டே இருக்கும். 2015 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்து, சாவியும் உடைபட்டு, நிறுவனம் அதை நீக்கும் கருவியை வெளியிட்டது. 2017இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு சமரசத்துக்கும் வந்தது.

நான் பார்க்கிற லேப்டாப்புகளில் இப்போது அப்படி எதுவும் வருவதில்லை. ஆனாலும் உங்களுக்குத் தெரியாத ஒன்று உங்கள் கணினியில் ஓடிக்கொண்டிருக்க என்ன காரணம் என்று கேட்கும் பழக்கத்தை நான் அதிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

ஸ்டார்ட் அழுத்தினா இவ்ளோ ஐகான் இருக்கே, எதையெல்லாம் தூக்கலாம்?

செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ். பட்டியலை மேலிருந்து கீழே ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். கேம்கள், சாலிடேர், நியூஸ், லிங்க்ட்இன், கோபைலட், எக்ஸ்பாக்ஸ், டிராப்பாக்ஸ் சலுகை, ட்ரையல் ஆன்டிவைரஸ், ட்ரையல் விபிஎன், புக்கிங் தளத்துக்கான ஐகான், இதில் நீங்கள் பயன்படுத்தாததை மூன்று புள்ளியை அழுத்தி அன்இன்ஸ்டால் செய்யலாம். பயமே வேண்டாம், பிறகு தேவைப்பட்டால் ஸ்டோரில் இருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கேம் விளையாடும் பிள்ளைகள் எக்ஸ்பாக்ஸை மட்டும் விட்டு வையுங்கள், சில கேம்கள் அதைக் கேட்கும். ஸ்டார்ட்டில் தெரிகிற சில ஐகான்கள் உள்ளே இறங்கியே இருக்காது, வெறும் பலகைதான், நீங்கள் அழுத்தினால்தான் டவுன்லோடு ஆகும். அவற்றை ரைட் கிளிக் செய்து எடுத்துவிட்டால் போதும்.

அப்புறம் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பாருங்கள். 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப் மெதுவாக எழுந்திருப்பதற்குப் பல நேரம் இங்கேதான் காரணம் இருக்கும். டீம்ஸ், ஸ்பாட்டிஃபை, எட்ஜ் எல்லாம் கூப்பிடும்போது வந்தால் போதும், டிஸேபிள் போடுங்கள். டிஸேபிள் என்றால் அழிப்பது கிடையாது, கூப்பிடாமல் ஓடி வராதே என்பது மட்டும்தான்.

எதைத் தொடவே கூடாது?

இன்டெல், ஏஎம்டி, என்விடியா, ரியல்டெக் என்று ஆரம்பிக்கும் எதையும். டால்பி மாதிரி ஒலி சம்பந்தப்பட்டவற்றையும். மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்று நாலைந்து வருடங்களின் பெயரோடு வரிசையாக நிற்கும், ஒரே பொருள் பலமுறை வந்துவிட்டது என்று நினைத்து ஒரு மாமா அதில் மூன்றைத் தூக்கினார், மறுநாள் அவருடைய கணக்கு மென்பொருள் திறக்கவில்லை. அவை ஒவ்வொன்றும் வேறு வேறு மென்பொருள் நிற்கிற தூண்கள்.

லெனோவா வான்டேஜ், மைஏசுஸ் மாதிரி தயாரிப்பாளரின் சொந்த ஆப் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். பயாஸ் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் அதன் வழியாக வரும். பேட்டரியை 80 சதவீதத்தில் நிறுத்துகிற வசதியும் பல மாடல்களில் அதற்குள்தான் இருக்கிறது. நாள் முழுக்கச் சார்ஜரிலேயே கிடக்கும் லேப்டாப்புக்கு, அதுவும் நம் ஊர் மே மாத வெயிலில், அது பேட்டரிக்கு நிஜமான உதவி. அந்த ஆப் அனுப்பும் விளம்பர நோட்டிஃபிகேஷனை மட்டும் அணைத்துவிடலாம்.

மெக்காஃபி ஆன்டிவைரஸைத் தூக்கிட்டா வைரஸ் வந்துடாதா?

வராது, அல்லது அதனால் வராது. விண்டோஸுக்குள்ளேயே டிஃபெண்டர் இருக்கிறது, இலவசம், வீட்டு உபயோகத்துக்கு அது போதும். வேறு ஆன்டிவைரஸ் இருக்கும் வரை அது ஒதுங்கி நிற்கும், அதை எடுத்ததும் தானாக வேலைக்கு வந்துவிடும். எடுத்த பிறகு ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் செக்யூரிட்டியில் பச்சைக் குறி வந்திருக்கிறதா என்று பாருங்கள். ட்ரையல் முடிந்து காலாவதியான ஆன்டிவைரஸை வைத்திருப்பதுதான் மோசம். சாதாரணமாக அன்இன்ஸ்டால் ஆகாமல் அடம்பிடித்தால் அந்த நிறுவனமே நீக்கும் கருவி ஒன்றைத் தன் தளத்தில் வைத்திருக்கும், அங்கிருந்து மட்டும் எடுங்கள்.

எடுத்தாச்சு. ஆனா இன்னும் வலது மூலையில ‘உங்க கம்ப்யூட்டர்ல 5 வைரஸ்’னு வந்துட்டே இருக்கே?

அது பிரவுசரில் இருந்து வருகிறது. எப்போதோ சீரியல் பார்க்கவோ பாட்டு இறக்கவோ ஒரு தளத்துக்குப் போயிருப்பீர்கள், ‘நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் அழுத்துங்கள்’ என்று கேட்டிருக்கும், அழுத்தியிருப்பீர்கள். அந்த ஒரு அலவ்தான். இப்போது அந்தத் தளம் நோட்டிஃபிகேஷன் என்ற பெயரில் வைரஸ் படம் போட்டு அனுப்புகிறது. அதை அழுத்தாதீர்கள்.

குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி கொடுத்த தளங்களின் பட்டியல் இருக்கும், தெரியாத பெயர் எல்லாவற்றையும் நீக்குங்கள். எட்ஜிலும் இதே மாதிரி உண்டு. அங்கேயே, எந்தத் தளமும் இனி நோட்டிஃபிகேஷன் கேட்கவே கூடாது என்றும் வைத்துவிடலாம். அம்மா அப்பா பயன்படுத்தும் கணினியில் நான் முதலில் செய்வதே அதுதான்.

மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாமலே ஓட்ட முடியாதா?

ஓட்டலாம், ஆனால் ஆரம்பத்திலேயே தவிர்ப்பது நாளுக்கு நாள் கஷ்டமாகிறது. ஹோம் பதிப்பில் தொடக்கத்திலேயே இணையமும் அக்கவுண்டும் கேட்கும். அதைத் தாண்டுவதற்கு யூடியூபில் காட்டுகிற குறுக்கு வழிகளை 2025 முதல் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருகிறார்கள். நான் அவற்றோடு மல்லுக்கட்டுவதில்லை. அக்கவுண்ட் போட்டு உள்ளே போய், செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், யுவர் இன்ஃபோ என்ற இடத்தில் லோக்கல் அக்கவுண்டுக்கு மாற்றிக்கொள்ளலாம், அது முறையான வழி, எப்போதும் வேலை செய்கிறது.

மாற்றுவதற்கு முன் இரண்டு வேலை. லேப்டாப்போடு ஆபீஸ் சேர்த்து வாங்கியிருந்தால் அதை முதலில் உங்கள் அக்கவுண்டில் பதிந்துகொள்ளுங்கள். அதற்கு ஆறு மாதம்தான் கெடு, தவறவிட்டுக் காசு போனவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று ரெக்கவரி கீ, அதாவது பூட்டிய டிஸ்க்கைத் திறக்கும் சாவி எண், அதைத் தனியாகவே சொல்ல வேண்டும், கீழே பாருங்கள்.

ஒன்டிரைவ் நிறைஞ்சிடுச்சுன்னு சிவப்பா வருது. நான் அதைத் தொடவே இல்லையே?

நீங்கள் தொடவில்லை, அது உங்கள் டெஸ்க்டாப்பைத் தொட்டுவிட்டது. தொடக்க அமைப்பின்போதே டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் ஒன்டிரைவுக்கு நகல் எடுக்கும் வேலை பல லேப்டாப்புகளில் ஆரம்பித்துவிடுகிறது. இலவச இடம் 5 ஜிபி. ஒரு கல்யாண ஆல்பம் போட்டால் முடிந்தது. இட நெருக்கடியைவிட நான் கவலைப்படுவது வேறு: நம்மில் எத்தனை பேர் ஆதார், பான், மார்க் ஷீட், வங்கி ஸ்டேட்மெண்ட் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில்தான் போட்டு வைத்திருக்கிறோம்? அவ்வளவும் நமக்குத் தெரியாமலே மேலே ஏறியிருக்கும்.

நிறுத்துவதில்தான் கவனம் வேண்டும். எங்கள் பிளாக்கில் மூன்றாம் வருடம் படிக்கும் ஒரு தம்பி, இடம் காலி பண்ண வேண்டும் என்று ஒன்டிரைவ் தளத்துக்குப் போய் எல்லாவற்றையும் அழித்தான். இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டது என்பதால் லேப்டாப்பில் இருந்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் சேர்ந்து போனது. ராத்திரி பதினொன்றரைக்குக் கதவைத் தட்டினான். நல்லவேளை, தளத்தின் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் வரை இருக்கும், எடுத்துவிட்டோம்.

சரியான வழி இது: கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மேகக் குறியை அழுத்தி, செட்டிங்ஸ், சின்க் அண்ட் பேக்கப், மேனேஜ் பேக்கப். அங்கே ஒவ்வொரு ஃபோல்டரையும் அணையுங்கள், கோப்புகள் எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டால் கணினியில் மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அணைத்ததும் டெஸ்க்டாப் வெறிச்சென்று ஆனால் பதற வேண்டாம், எல்லாம் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும் டெஸ்க்டாப் ஃபோல்டரில் இருக்கும், அங்கிருந்து நகர்த்துங்கள். கண்ணால் பார்த்து, ஒன்றிரண்டைத் திறந்து சரிபார்த்த பிறகுதான் மேகத்தில் இருப்பதை அழிக்க வேண்டும். ஆனால் நகலே இல்லாமல் விடாதீர்கள், முக்கியமானதை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு பீரோவில் வையுங்கள்.

சர்வீஸ் சென்டர்ல இருந்து வந்ததும் நீலத் திரை வந்து 48 இலக்க நம்பர் கேக்குது. நான் அப்படி எதுவும் போடலையே?

நீங்கள் போடவில்லை. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோடு உள்ளே நுழைந்ததும் விண்டோஸ் தானே டிஸ்க்கைப் பூட்டிவிடுகிறது. 2024இல் வந்த 24ஹெச்2 பதிப்பில் இருந்து ஹோம் லேப்டாப்பிலும் பெரும்பாலும் இப்படித்தான். பூட்டுவது நல்ல விஷயம், லேப்டாப் திருடு போனாலும் உள்ளே இருப்பதை எடுக்க முடியாது. மதர்போர்டு மாற்றினாலோ, பயாஸில் ஏதாவது மாறினாலோ, இது என் பழைய கணினிதானா என்று சந்தேகப்பட்டுச் சாவி கேட்கும். அந்தச் சாவிதான் 48 இலக்கம், முதலில் போட்ட மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் அது சேமித்து வைக்கப்பட்டிருக்கும்.

இப்போது அந்த டியூஷன் அக்கா கதைக்கு வருகிறேன். கரண்ட் ஏறி இறங்கியதில் மதர்போர்டு போய், புதியது போட்டுக் கொடுத்தார்கள். திரை சாவி கேட்டது. சாவி இருக்கிற அக்கவுண்ட் கடைப் பையன் உருவாக்கியது, பாஸ்வேர்ட் அவருக்குத் தெரியாது, ரெக்கவரி போன் நம்பரும் அந்தப் பையனுடையது. ஐந்து வருடக் கேள்வித்தாள்கள் உள்ளே. இரண்டு நாள் அலைந்து, வேலையை விட்டுப் போயிருந்த அந்தப் பையனின் நம்பரைக் கண்டுபிடித்து, அவன் போனுக்கு வந்த ஓடிபியை வாங்கித்தான் திறந்தோம். அவன் நம்பரை மாற்றியிருந்தால் அவ்வளவுதான், தயாரிப்பாளராலும் முடியாது, யாராலும் முடியாது.

அதனால் இன்றைக்கே செய்யுங்கள்: மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் தளத்தில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் உங்கள் லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்தால் ரெக்கவரி கீ காட்டும். காகிதத்தில் எழுதி, லேப்டாப் பில்லோடு வையுங்கள். அந்த லேப்டாப்பிலேயே சேமிப்பது வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது மாதிரி.

பிரைவசி செட்டிங்ஸ்ல எதையெல்லாம் ஆஃப் பண்ணணும், சுருக்கமா சொல்லுங்க சார்.

செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி. ஜெனரல் என்றோ, புதிய பதிப்பில் ரெகமண்டேஷன்ஸ் அண்ட் ஆஃபர்ஸ் என்றோ இருக்கும் பக்கத்தில் அட்வர்டைசிங் ஐடி தொடங்கி எல்லாவற்றையும் அணைக்கலாம், எதுவும் கெடாது. டயக்னாஸ்டிக்ஸ் பக்கத்தில் ஆப்ஷனல் டேட்டாவை அணைத்து, ஏற்கெனவே போனதை அழிக்கும் பொத்தானையும் அழுத்துங்கள். இங்கிங் அண்ட் டைப்பிங், ஆக்டிவிட்டி ஹிஸ்டரி, ஸ்பீச், மூன்றும் ஆஃப். சர்ச் பகுதியில் சர்ச் ஹைலைட்ஸை அணைத்தால் தேடல் பெட்டியில் வரும் படங்கள் நிற்கும்.

கேமரா, மைக், இருப்பிடம் இவற்றை மொத்தமாக அணைக்காமல், எந்த ஆப்புக்குத் தேவையோ அதற்கு மட்டும் விட்டு வையுங்கள். மொத்தமாக அணைத்துவிட்டு, மறுநாள் ஆன்லைன் இன்டர்வியூவில் குரல் போகவில்லை என்று கடைசி நிமிடத்தில் எனக்குப் போன் வந்திருக்கிறது. பர்சனலைசேஷனில் ஸ்டார்ட், லாக் ஸ்க்ரீன், டாஸ்க்பார் மூன்றிலும் டிப்ஸ், ரெகமண்டேஷன்ஸ், விட்ஜெட்ஸ் என்று இருப்பவற்றையும் அணைத்தால் திரை அமைதியாகிவிடும்.

இதெல்லாம் ஆஃப் பண்ணிட்டா மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒண்ணுமே போகாதா?

போகும். ரிக்வயர்டு டயக்னாஸ்டிக் டேட்டா என்று ஒன்று உண்டு, லேப்டாப் என்ன மாடல், அப்டேட் சரியாக ஏறியதா, எது செயலிழந்தது மாதிரியான தகவல்கள். ஹோம், ப்ரோ பதிப்புகளில் அதை அணைக்க செட்டிங்ஸில் வழி இல்லை. எல்லாவற்றையும் நிறுத்துகிறேன் என்று சொல்லும் மென்பொருள்களை நம்பி இறங்காதீர்கள், அவை அப்டேட்டையும் சேர்த்து நிறுத்திவிட்டுப் போகும், பிரைவசிக்காகச் செய்த வேலை பாதுகாப்பையே எடுத்துவிடும். போகிறது எவ்வளவு என்பதைக் குறைத்துக்கொள்ள முடிகிறது. அந்தக் குறைப்பே கணிசமானது.

நாம பேசுறதைக் கேட்டுதான் விளம்பரம் போடுதாமே? குக்கர் பத்திப் பேசினோம், குக்கர் விளம்பரம் வருது.

மைக்கை எந்த ஆப் எப்போது பயன்படுத்தியது என்று பிரைவசி பக்கத்திலேயே மைக்ரோஃபோன் பகுதியில் நேரத்தோடு பார்க்கலாம், பயன்படுத்தும்போது டாஸ்க்பாரில் குறியும் வரும். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் காரணம் வேறு இடத்தில் இருந்தது. ஒரே கூகுள் அக்கவுண்ட் அம்மாவின் போனிலும் பையனின் லேப்டாப்பிலும் இருக்கும், அம்மா போனில் குக்கர் தேடியிருப்பார், விளம்பரம் லேப்டாப்பில் வரும்.

அதனால் பிரவுசரைக் கவனியுங்கள். கூகுள் அக்கவுண்டில் மை ஆட் சென்டர் என்ற இடத்தில் தனிப்பட்ட விளம்பரத்தை அணைக்கலாம். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் போட்டு, யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைச் சேர்த்துக்கொண்டால் பின்தொடரும் நிரல்களில் பெரும்பகுதி ஓடாது. குரோம் அதன் முழுப் பதிப்பை இப்போது ஏற்பதில்லை, லைட் பதிப்புதான் கிடைக்கும். இன்காக்னிட்டோவில் போனால் யாருக்கும் தெரியாது என்று நினைப்பவர்களுக்கு: வீட்டில் அடுத்து உட்காருபவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். தளத்துக்கும் இணைய நிறுவனத்துக்கும் நீங்கள் வந்தது தெரியும்.

ரீகால்னு ஒண்ணு நாம செய்யறதை எல்லாம் படம் பிடிக்குதாமே?

எல்லா லேப்டாப்பிலும் இல்லை. கோபைலட் பிளஸ் என்று விற்கும் விலை உயர்ந்த மாடல்களில் மட்டும்: 16 ஜிபி ராமும், வினாடிக்கு 40 லட்சம் கோடி கணக்குப் போடும் தனிச் சில்லும் வேண்டும். நீங்கள் செய்வதை அவ்வப்போது படம் எடுத்து வைத்து, பிறகு தேடித் தரும். 2024 மே மாதம் அறிவித்தபோது படங்கள் போதிய பூட்டு இல்லாமல் கிடப்பதாகப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள், உடனே தள்ளிப்போட்டு, 2025 ஏப்ரலில் நாம் சம்மதித்தால் மட்டும் இயங்குகிற மாதிரி கொண்டுவந்தார்கள்.

அது சேமிப்பது உங்கள் லேப்டாப்பிலேயேதான். இருந்தாலும் வீட்டில் நாலு பேர் தொடும் கணினியில் நான் வைக்க மாட்டேன். டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப் என்று தேடி, பட்டியலில் ரீகால் இருந்தால் குறியை எடுத்துவிடுங்கள்.

யூடியூப்ல ஒரே கமாண்டு போட்டா எல்லா குப்பையும் போயிடும்னு காட்டறாங்க. போடலாமா?

அந்த வரி என்ன செய்கிறது என்று உங்களுக்குப் படிக்கத் தெரிந்தால் போடுங்கள். பவர்ஷெல்லை (விண்டோஸுக்குக் கட்டளைகளை எழுதிக் கொடுக்கும் திரை) அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ஒரு வரியை ஒட்டுவது, முன்பின் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து உள்ளே போய் ஒழுங்குபடுத்துங்கள் என்பதற்குச் சமம். நாணயமாக எழுதப்பட்ட, எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்பட்ட கருவிகளும் இருக்கின்றன, மறுக்கவில்லை. அவையுமே எல்லாவற்றையும் டிக் செய்து ஓட்டினால் ஸ்டோரைத் தூக்கிவிடும், பிரின்டர் வேலை செய்யாது, அடுத்த அப்டேட் பாதியில் நிற்கும், எது காரணம் என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

கையால் ஒவ்வொன்றாக எடுத்தால் ஒரு மணி நேரம் ஆகும். எதை எடுத்தோம் என்று தெரியும், தப்பானால் திருப்பி வைக்கத் தெரியும். அந்த ஒரு மணி நேரத்தைச் செலவழியுங்கள்.

தமிழ் டைப் பண்ண ஏதாவது இலவச சாஃப்ட்வேர் போடலாமா?

தேவையே இல்லை. தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது, 1999இல் நம் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த அதே தளவமைப்பு. டைம் அண்ட் லேங்குவேஜ் பகுதியில் தமிழைச் சேர்த்து, கீபோர்டு தேர்ந்தெடுத்தால் போதும். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழில் வாங்குபவர்களுக்கு ஃபோனெட்டிக் கீபோர்டும் இருக்கிறது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும், பாஸ்வேர்ட் உட்பட, கீபோர்டு மென்பொருள் வழியாகத்தான் போகிறது. எங்கிருந்தோ இறக்கிய ஒன்றை அந்த இடத்தில் உட்கார வைக்க வேண்டாம்.

எட்ஜை முழுசா தூக்க முடியுமா?

நம் நாட்டில் முறையாக முடியாது. ஐரோப்பாவில் சட்டம் கட்டாயப்படுத்தியதால் அங்கே மட்டும் அன்இன்ஸ்டால் பொத்தான் வருகிறது. வேறு பிரவுசரை டீஃபால்ட்டாக வைத்துவிட்டு, மேலே சொன்ன ஸ்டார்ட்அப் பட்டியலிலும் எட்ஜை நிறுத்திவிட்டால் அது தன்பாட்டுக்கு ஓரமாக இருக்கும்.

ஒரு அப்டேட் வந்துச்சு, ‘உங்க பிசியை அமைத்து முடிக்கலாம்’னு பெரிய திரை, தூக்கினது சிலதும் திரும்பி வந்துடுச்சு.

அந்தத் திரையில் அவசரப்பட்டு அக்செப்ட் போட்டால் ஒன்டிரைவ் பேக்கப், எட்ஜ் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ரிமைண்ட் மீ லேட்டர் மாதிரி சின்ன எழுத்தில் இருப்பதை அழுத்தி வெளியே வாருங்கள். பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ், ஆகக் கீழே அடிஷனல் செட்டிங்ஸ், அங்கே மூன்று டிக் இருக்கும், மூன்றையும் எடுங்கள். பெரிய அப்டேட் வருடத்துக்கு ஒன்று வரும், அது முடிந்ததும் இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலை ஒரு தடவை பாருங்கள். அப்டேட்டையே நிறுத்திவிடலாமா என்று கேட்காதீர்கள், நிறுத்தக் கூடாது.

ரீசெட் அடிச்சா சுத்தமாயிடுமா?

கடைக்காரர் போட்டது போகும், ஆனால் தயாரிப்பாளர் வைத்தது பெரும்பாலும் திரும்ப வரும். முழுச் சுத்தம் வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் தளத்தின் மீடியா கிரியேஷன் டூலை வைத்து 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸை ஏற்றி, புதிதாக நிறுவ வேண்டும். லைசென்ஸ் லேப்டாப்பின் பயாஸிலேயே பதிந்திருக்கும், திரும்பக் காசு கட்ட வேண்டாம். வைஃபை டிரைவரை (வைஃபையை இயக்கும் மென்பொருள்) தயாரிப்பாளர் தளத்தில் இருந்து முன்கூட்டியே இன்னொரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள், அது இல்லாமல் இணையம் வராமல் நின்றுபோகும் மாடல்கள் உண்டு. எக்ஸ்க்லூஷன்ஸ் பட்டியலில் எதையாவது பார்த்தவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

பேசாம விண்டோஸை விட்டுட்டு லினக்ஸுக்குப் போயிடலாமே?

பிரவுசர், படம், எழுத்து வேலை, கோடிங் என்றால் தாராளமாகப் போகலாம். லினக்ஸ் மின்ட் பழக எளிது. நம் சென்னை சி-டாக் (மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனம்) உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அரசு கொடுத்த மாணவர் லேப்டாப்புகளில் வந்ததால் பலர் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். ஆனால் டேலி ஓட்டுபவர்கள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகி ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்கள் விண்டோஸிலேயே இருங்கள், இல்லையென்றால் மாதக் கடைசியில் திண்டாடுவீர்கள்.

ஓஎம்ஆர்ல வேலை, கம்பெனி குடுத்த லேப்டாப். அதையும் இப்படி சுத்தம் பண்ணலாமா?

வேண்டாம். அது உங்களுடையது இல்லை, அதில் கண்காணிப்பு மென்பொருள் இருக்கலாம், அதை நீக்கினால் உங்கள் வேலைக்கே பிரச்சினை வரும். வங்கி, ஆதார், சொந்தப் படங்கள் எதையும் அதில் வைக்காதீர்கள். அதற்கு இதுதான் முழுப் பதில்.

மைக்ரோசாஃப்ட்ல இருந்து பேசறோம், உங்க கம்ப்யூட்டர் ஹேக் ஆயிடுச்சுன்னு போன் வந்துச்சு. எனிடெஸ்க் போடச் சொன்னாங்க, அப்பா போட்டுட்டார்.

எனிடெஸ்க் என்பது எங்கோ இருப்பவர் உங்கள் கணினியை இயக்க வழிவிடும் ஆப். உடனே வைஃபையை அணைத்து லேப்டாப்பை இணையத்தில் இருந்து பிரியுங்கள். வங்கிக்குப் போன் செய்து நெட் பேங்கிங்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அந்த நிமிடமே கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்தும் வாய்ப்பு அதிகம். அப்புறம் வேறு ஒரு கணினியிலோ போனிலோ இருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், அந்த லேப்டாப்பில் இருந்து மாற்றாதீர்கள். லேப்டாப்புக்கு மேலே சொன்ன பென்டிரைவ் வழி முழுச் சுத்தம்தான்.

அப்பாவைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை நடந்ததைச் சொல்ல மாட்டார், அந்தத் தாமதத்தில்தான் பணம் போகும்.

வீட்டுக்கே ஒரு லேப்டாப், நாங்க நாலு பேரு. இதுல பிரைவசி எங்க இருக்கு?

இருக்கிறது. செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று போய் ஆளுக்கு ஒரு அக்கவுண்ட், ஆளுக்கு ஒரு பின் போடுங்கள். ஒருவருடைய டெஸ்க்டாப், பிரவுசர், சேமித்த பாஸ்வேர்ட் இன்னொருவருக்குத் தெரியாது. ஒரே ஒரு அக்கவுண்டை மட்டும் அட்மினிஸ்ட்ரேட்டராக வைத்து மற்றவை ஸ்டாண்டர்டு என்று வைத்தால், தங்கை கேம் இறக்கும்போது கூடவே எதுவும் உள்ளே நிறுவிக்கொள்ளப் பார்த்தால் பாஸ்வேர்ட் கேட்டு நிற்கும். அட்மின் நினைத்தால் மற்றவர் ஃபோல்டரைத் திறக்க முடியும் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்ச்ல குடுக்கறோம். எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டேன், போதும்ல?

போதாது, டெலிட் செய்ததைத் திரும்ப எடுக்கலாம். வேண்டியதை நகல் எடுத்துவிட்டு, பிரவுசரிலும் ஒன்டிரைவிலும் சைன் அவுட் செய்யுங்கள். பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, ரீசெட் திஸ் பிசி, ரிமூவ் எவ்ரிதிங். அடுத்த திரையில் சேஞ்ச் செட்டிங்ஸ் என்று சின்னதாக இருக்கும், அதற்குள் போய் கிளீன் டேட்டாவை ஆன் செய்யுங்கள். சில மணி நேரம் ஆகலாம், சார்ஜரில் போட்டு, ராத்திரி படுக்கும்போது ஆரம்பித்துவிடுங்கள். காலையில் புது லேப்டாப் மாதிரி நாடு எது என்று கேட்டுக்கொண்டு நிற்கும், அதற்கு மேல் எதையும் அழுத்தாமல் அணைத்துக் கொடுங்கள். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டின் டிவைசஸ் பட்டியலில் இருந்தும் அதை நீக்கிவிடுங்கள்.